கரிமூஞ்சி சுட்ட வில்லை

உலகத்தில் யார் அலை உறிஞ்சும் பீங்கானைப் பற்றி எழுதினாலும், முதல் பக்கத்திலேயே அவள் பெயரைப் போட்டுவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவார்கள். அப்பேர்ப்பட்ட விஞ்ஞானி, தானே சுட்ட பீங்கான் வில்லையைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தாள்.

கைபேசியும் ரேடாரும் அனுப்பும் மின்காந்த அலை, உலோகத்தில் பட்டால் திரும்பி வரும். முன்னால் அவளுடைய சாம்பல் நிற வில்லையை வைத்துவிட்டால் திரும்பாது. உள்ளேயே சூடாக மாறி அடங்கிவிடும். அவள் புகழெல்லாம் அந்த ஒன்றில்தான் இருந்தது. இப்போது ஒரு மருத்துவமனை, தீவிர சிகிச்சை அறைச் சுவர் முழுக்க அதைப் பதிக்கப்போகிறது. நோயாளிகளின் கருவிகள் ஒன்றையொன்று குழப்பாமல் இருக்க வேண்டுமாம். தொழிற்சாலைக்காரர் அச்சு வரைக்கும் செய்து வைத்துவிட்டு, அவள் கையால் சுட்ட ஒரு மாதிரிக்காகக் காத்திருந்தார்.

பழையதைக் கழித்துவிட்டு வாங்கிய புது உலையில் சுட்டாள். வில்லை வெள்ளைவெளேரென்று வந்தது. அலையை விட்டுப் பார்த்தாள். பின்னாலிருந்த உலோகத் தகட்டில் மோதி, போன வேகத்திலேயே திரும்பி வந்தது.

பொடியை மாற்றிப் பார்த்தாள். அளக்கும் கருவியை வாய்க்கு வந்தபடி திட்டினாள். பழைய வில்லையை வைத்தால் அதே கருவி சமர்த்தாக வேலை செய்தது. அதே பொடி, அதே சூடு, சுட்டதும் அதே கை. பிறகென்ன கண்றாவி இது! யோசித்து யோசித்து மண்டை காய்ந்துபோனது.

வீட்டுக்குப் போனால் கணவன் சும்மா இருப்பானா?

"என்ன பீங்கான் மகாராணி, மூஞ்சி தொங்குது?"

"என் வில்லை எனக்கே வேலை செய்ய மாட்டேங்குதுங்க. பைத்தியம் பிடிச்சிடும் போல இருக்கு."

"பழைய உலையை வெளியே தள்ளினது நீதானே? கோவிச்சுக்கிட்டிருக்கும். காலில் விழுந்து கூட்டிட்டு வா."

"அந்தக் கரிமூஞ்சியையா? உள்ள சூடேத்துற கம்பியெல்லாம் கரி. திறந்தா கையில கரி, மூக்குல கரி, போட்டதுல எல்லாம்..."

பாதியில் நின்றுவிட்டாள். கணவன் என்ன என்னவென்று கேட்டுப் பார்த்துவிட்டு, தானே தட்டை எடுத்துப் போட்டுச் சாப்பிடப் போனான்.

மறுநாள் காலை, பத்திரமாக வைத்திருந்த பழைய சாம்பல் வில்லை ஒன்றைப் புது உலையில் வைத்து, காற்றை உள்ளே விட்டுச் சூடேற்றினாள். வில்லைக்குள் கரி கலந்திருந்தால் எரிந்து போய்விடும். கடவுளே, இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டாள். வில்லை வெள்ளையாக வெளியே வந்தது. அதுவும் இப்போது அலையைத் திருப்பி அனுப்பியது. இத்தனை காலமும் அலையைக் குடித்தது அவள் பீங்கானே இல்லை, உலை துப்பிய கரி!

அதைவிடப் பெரிய குழப்பம் பின்னாலேயே வந்து நின்றது. எத்தனையோ ஆய்வகங்கள் 'எங்களுக்கும் அதே பலன் கிடைத்தது' என்று எழுதியிருக்கின்றனவே, அங்கெல்லாம் ஏது கரிமூஞ்சி? அப்படி எழுதியவர்களில் ஒருவன் அவளோடு ஒன்றாகப் படித்தவன், இப்போது வேறு ஊரில் பேராசிரியன். அவனுக்குப் போன் போட்டாள்.

"உண்மையைச் சொல்லு. என் வில்லையோட பலன் உங்க லேப்ல வந்துச்சா?"

"வந்துச்சுன்னுதானே எழுதியிருக்கோம்."

"எழுதினதை நான் படிச்சாச்சு. வந்துச்சா?"

அந்தப் பக்கம் இருமல் சத்தம் கேட்டது. "வரலை. எல்லாம் வெள்ளையாத்தான் வந்துச்சு. நீ சொன்னது தப்பா இருக்கும்னு எவனுக்குத் தோணும்? எங்க கைதான் சரியில்லன்னு நெனச்சோம். நீ அனுப்பின மாதிரி வில்லையையே அளந்து போட்டுட்டோம்."

"அடப்பாவி! எனக்கு ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"உன்கிட்ட வந்து யார் சொல்றது?" என்றவன் கொஞ்சம் தயங்கினான். "ஒருத்தி மட்டும் சொன்னா, என் மாணவி. 'நான் சரியாத்தான் சார் செஞ்சேன், ஆனா வரலை'ன்னு திரும்பத் திரும்பச் சொல்லிட்டு நின்னா. நான்தான் 'நீ இதுக்கு லாயக்கில்ல'ன்னு திட்டிட்டேன். படிப்பை விட்டுட்டுப் போயிட்டா. மூக்குக்கண்ணாடிக் கடை வச்சிருக்காளாம்."

அவளுக்குக் கோபமும் வெட்கமும் ஒன்றாக வந்தன. அவன் மேல் எவ்வளவு, தன் மேல் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. தொழிற்சாலைக்காரரைக் கூப்பிட்டு, "எல்லாத்தையும் நிறுத்துங்க, தப்பு என்னோடது" என்றாள். அவர் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லி முடித்துவிட்டு, பேராசிரியனிடமிருந்து அந்தப் பெண்ணின் எண்ணை வாங்கி அழைத்தாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள்.

மறுமுனையில் யாரோ கண்ணாடிச் சட்டத்துக்கு விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் அவர்களுக்குப் பதில் சொல்லவே இல்லை.

"அப்போ நான் எடுத்த அளவு சரியா மேடம்?"

"சரிம்மா. உன்னோடதுதான் சரி."

"இதை எங்க அம்மாகிட்ட ஒரு தடவை சொல்றீங்களா? கடையிலதான் இருக்காங்க. நான் சொன்னா நம்ப மாட்டாங்க."

போன் கை மாறியது. "யாருங்க பேசுறது?" என்று ஒரு அம்மா கேட்டார். தன் பெயரை விட்டுவிட்டு, "உங்க பொண்ணு அளந்ததுதான் சரி, தப்பு என்னோடதும்மா" என்றாள்.