திரும்பி நின்றவர்கள்

மாலைக்குள் சென்சாருக்குப் பதில் அனுப்ப வேண்டும். ஜெனிதா புதுச்சேரியிலிருந்து பஸ் பிடித்து வந்து, மரக்காணம் உப்பளத்து மோட்டார் கொட்டகையில் லேப்டாப்பைத் திறந்தபோது சகாயமேரி அப்போதுதான் பாத்தியிலிருந்து ஏறியிருந்தாள்.

உப்பளத்தைப் பற்றி ஜெனிதா எடுத்த படத்தில் சகாயமேரி வேலை முடிந்து குளிக்கும் காட்சி உண்டு. பாவாடையை மார்புக்கு மேல் ஏற்றிக் கட்டி, மோட்டார்த் தண்ணீரில் உப்பைக் கழுவுகிறாள். முழங்கால் முழுக்க உப்பு தின்ற புண்கள். பெண்கள் குளிக்கும்போது ஆண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பது அங்கே வழக்கம். படத்திலும் கூட வேலை செய்யும் மாயவனும் இன்னும் இருவரும் அப்படித்தான் நிற்கிறார்கள்.

“அந்த ஆம்பளைங்களைத்தான் வெட்டச் சொல்றாங்கக்கா. அவங்களே திரும்பி நிக்கறாங்கன்னா பாக்கக் கூடாத சீன்தானேன்னு சென்சார்ல ஒருத்தர் கேட்டுட்டாரு. வெட்டினா பதிமூணு வயசுப் பிள்ளைங்க பாக்கலாம். இல்லேன்னா ‘ஏ’தான்.”

கொட்டகை ஓரத்தில் உட்கார்ந்திருந்த மாயவன் பீடியை அணைத்தான். “நான் மொறைச்சுப் பாத்துக்கினு நின்னிருந்தா பாஸ் ஆயிருக்குமா மேடம்?”

“முழுப் படத்தையும் வச்சுத்தான் ஆபாசமான்னு பாக்கணும்னு சொல்லிப் பாத்தேன். கேக்கல. கோர்ட்டுக்குப் போனா எப்ப முடியும்னு தெரியாது.”

சகாயமேரிக்கு ஒரே ஆசை. ஒன்பதாவது படிக்கும் மகள் மேரிசெல்வி தியேட்டரில் உட்கார்ந்து அம்மாவைப் பார்க்க வேண்டும். மகள் வகுப்பு முழுக்கச் சொல்லியும் வைத்திருந்தாள்.

ஆண்களை வெட்டிய காட்சியை ஜெனிதா ஓடவிட்டாள். பார்த்துக்கொண்டே சகாயமேரி, புடவைக்கு மேல் போட்டிருந்த சட்டையின் பொத்தானைக் கழுத்துவரை மாட்டினாள்.

“இதுல நான் யார் முன்னாடி குளிக்கறேன்?”

ஜெனிதா காட்சியை நிறுத்தினாள்.

“அவங்க திரும்பினாங்க, நான் குளிச்சேன். அவங்களை எடுத்துட்டா, தியேட்டர்ல இருக்கறவன்தான் உக்காந்து பாக்கறான். வேணாம்.”

“சீனையே எடுத்துடவா?”

“அப்புறம் புண்ணு எங்க தெரியும்?”

“‘ஏ’ன்னா செல்வியை உள்ள விட மாட்டாங்கக்கா. ஊருலயும் ஒரு மாதிரி பேசுவாங்க.”

“‘ஏ’ படத்து மாயவன்” என்று மாயவன் சொல்லிப் பார்த்தான். “வீட்டுல சோறு கெடைக்காது.”

சகாயமேரி வாசலுக்குப் போனாள். சாலையைப் பார்த்தாள். திரும்பி வந்தாள்.

“அவளுக்குப் பதினெட்டு ஆவ நாலு வருசம் இருக்குது. அதுவரைக்கும் ஓடுமா?”

“ஒரு வாரம் ஓடினாலே பெருசுக்கா.”

“சரி, ‘ஏ’ன்னே அனுப்பு.”

ஜெனிதா அனுப்பினாள். சாலையில் செல்வியின் பள்ளிக்கூடத்து பஸ் நின்றது. சகாயமேரி இடத்தைவிட்டு அசையவில்லை.

“அவகிட்ட நீயே சொல்லும்மா. எனக்கு வாய் வராது.”