நாலு பக்கமும் தைத்த பை

உட்கார்ந்தால் காலை ஆட்டுவது என் திமிர் என்று வீட்டிலும் நான் தைக்கிற தையல் கடையிலும் தீர்ப்புச் சொல்லி முடித்த பிறகுதான் டாக்டரிடம் போனேன். உட்கார்ந்தால் போதும், கெண்டைக்காலுக்குள் எறும்பு ஊர ஆரம்பிக்கும். எழுந்து நடந்தால் அடங்கும். மிதிக்கிற தையல் மெஷின் இருந்தவரை பகலில் தொல்லையில்லை. கடை முதலாளி பெரிய மனது பண்ணி மோட்டார் மாட்டினார், என் கால்களுக்கு வேலை போனது.

சளி மாத்திரை போட்டாலே எனக்குத் தலை சுற்றும், கால் இன்னும் மோசமாகும் என்று டாக்டரிடம் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்காமலே எழுதிக்கொண்டிருந்தார்.

“இது குறைஞ்ச டோஸ்தாம்மா. சும்மா கற்பனை பண்ணிக்காதீங்க.”

எழுதிய பேனாவைக் கோட்டுப் பையில் செருகிக்கொண்டார்.

மாத்திரை பிரமாதமாக வேலை செய்தது. கால் தூங்கியது, மறுநாள் மத்தியானம் வரை கூடவே நானும் தூங்கினேன், மெஷின் முன்னால், கண்ணைத் திறந்தபடி. ஒரு சட்டைக்குப் பட்டன் வைக்க இடமில்லாமல் இரண்டு பக்கமும் காஜா எடுத்து வைத்தேன். இன்னொரு தப்பு நடந்தால் வீட்டுக்குப் போய்விடு என்றார் முதலாளி. வீட்டில் என் கணவர் இரண்டு வருடமாக மும்முரமாக வேலை தேடுகிறார். பிள்ளைகள் சாப்பிடுவது என் தையலில்தான். மாத்திரையைப் பாதியாக்கலாமா என்று கேட்கப் போனால், எழுதியபடி போடுங்கள் என்று நர்ஸம்மா வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்.

அந்த வாரம் டாக்டர் எங்கள் கடையில் தைக்கக் கொடுத்த புதுக் கோட்டைப் போட்டுப் பார்க்க வந்தார். கச்சிதமாக இருந்தது. முதலாளிக்கு வாயெல்லாம் பல். டாக்டர் பேனாவைப் பையில் செருகினார், அது தரையில் விழுந்தது. எடுத்து மறுபடி செருகினார், மறுபடியும் விழுந்தது. பையை நாலு பக்கமும் தைத்து வைத்திருந்தேன். தையல் மட்டும் நூல் பிடித்தது போல நேராக இருந்தது.

முதலாளி என்னைப் பார்த்து வாசலைக் காட்டினார். நான் டாக்டர் பக்கம் திரும்பினேன்.

“அது உங்க மாத்திரை தைச்சது டாக்டர். கற்பனையான்னு தொட்டுப் பாருங்க.”

அவர் தொட்டுப் பார்த்தார். பிறகு முதன்முறையாக என் முகத்தைப் பார்த்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எத்தனை மணிக்குப் போடுகிறேன், எப்போது தெளிகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இனிமேல் பாதி போதும், இந்தக் கால் தொல்லைக்கு ரத்தத்தில் இரும்புச்சத்து குறைவா என்று முதலிலேயே பார்த்திருக்க வேண்டும் என்றார். முதலாளியிடம் திரும்பி, “தப்பு என்னோடது. அவங்களை அனுப்பாதீங்க” என்றார்.

முதலாளி தலையாட்டினார். பிடித்த பிடியை விடுகிற ஆளா நான்?

“அப்படியே இந்த மோட்டாரையும் கழட்டச் சொல்லுங்க டாக்டர்.”