தேவதாஸுக்கு இலை

கமலவேணி இரண்டாவது டின்னை அடைக்க உட்கார்ந்தாள். ஐம்பது சிகரெட் கொள்ளும் வட்ட டின். தூண்டில் சாமான் அடைத்த முதல் டின் அவள் கணவன் தேவதாஸோடு போய்விட்டது.

அவன் தொங்கானில் கணக்கெழுதும் கிராணி. சுமத்ராவிலிருந்து கரிமூட்டை ஏற்றிவரும் அந்தப் பாரப்படகு, நவம்பர் மாதத்து ஒரு புயல்காற்றுக்குப் பிறகு மலாக்கா ஆற்றுக்குத் திரும்பவில்லை. மலாயா சுதந்திரம் வாங்கி அப்போது மூன்று மாதம்கூட ஆகவில்லை. வாசலில் அவன் கட்டிய காகிதக் கொடிகள் மழையில் சாயம் இறங்கிக் கிடந்தன. அவிழ்க்க யாருக்கும் கை வரவில்லை.

மாமியார் சந்திரமதி மலாக்காச் செட்டி; அவர்களுடைய குடியிருப்பான கம்போங் செட்டியிலேயே பிறந்தவள். வாய்க்கு வருவது மலாய். எஸ்டேட்டிலிருந்து வந்த மருமகளிடம் மட்டும் தமிழை இழுத்துப் பிடித்துப் பேசுவாள். பொங்கலுக்கு முந்தின நாள் அவர்களுக்குப் பார்ச்சு. வீட்டில் இறந்தவர்களுக்கெல்லாம் பிடித்ததைச் சமைத்து, ஆளுக்கொரு இலை போட்டுப் படைக்கும் நாள். அதற்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.

"இந்த வருஷம் தேவாக்கும் ஒரு இலை, வேணி," என்று அன்று காலையில் சந்திரமதிதான் ஆரம்பித்தாள்.

கமலவேணி தலை நிமிரவில்லை. இலை விழுந்தால் அவன் செத்தவன். மறுநாள் அவள் நெற்றியில் பொட்டு இருக்காது.

"இலை போடலைன்னா பசியோட சுத்துவான் லா. பெத்தவளுக்குத் தெரியாதா?"

"பசிக்காது அத்தே. அவர்கிட்ட தூண்டில் இருக்கு."

"சிகரெட்டு டின்னு! அதுல மீன் வருமா, புகை வருமா?"

"வந்தா?"

சந்திரமதி சொன்னாள். "மீன் வந்தா இந்த வருஷம் இலை இல்ல. ஆனா அவனுக்குக் குடுத்த டின்னு மாதிரியே செய்யணும். ஒரு சாமான் கூடக்கூடாது."

கமலவேணிக்கு ஒன்றும் மறந்திருக்கவில்லை. சிறிதும் பெரிதுமாக ஆறு முள், தக்கையில் குத்தியது. தங்கூசி நூல் முப்பது முழம், தட்டையான மரத்துண்டில் சுற்றியது. நான்கு ஈயக்குண்டு. பாதி பிளேடு. இரை கிடைக்காவிட்டால் முள்ளில் கட்ட, சிவப்புத் துணியில் ஒரு கீற்று. அது அவளுடைய பழைய ரவிக்கையில் கிழித்தது. மூடியைச் சுற்றி மெழுகு ஊற்றினாள்.

முதல் டின்னை அவனிடம் நீட்டியபோது அவன் குலுக்கிப் பார்த்துச் சிரித்தான். "சமுத்திரத்துக்கே பூட்டுச் சாவி செஞ்சிருக்கியா? ரெண்டு கவளம் சோத்தையும் உள்ள அடைச்சிடேன்." ஆனாலும் பைக்குள் வைத்துக்கொண்டான். அவள் பார்த்தாள். அதைத்தான் இத்தனை நாளும் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை இருவரும் பஸ் ஏறிக் கிளேபாங் கடற்கரைக்குப் போனார்கள். கமலவேணி புடவையைத் தூக்கிச் செருகி முழங்கால் தண்ணீரில் நின்றாள். சந்திரமதி வாதுமை மரத்தடியில், கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

கரையில் வலை காயவைத்த மலாய்க்காரர் ஒருவர் கொஞ்சம் இறால் கொண்டுவந்து நீட்டினார். கமலவேணி கை நீட்டுமுன் மரத்தடியிலிருந்து குரல் வந்தது.

"வேணாம்! அங்க அவனுக்கு யாரு இறால் குடுத்தா?"

வெயில் ஏறியது. சிவப்புக் கீற்று தண்ணீரில் போய்ப் போய் வெறுமனே வந்தது. நூல் அவள் விரலை அறுத்தது. அந்த நூலின் மறுமுனையில் எங்கேயோ அவன் இருப்பதுபோல் நினைத்துக்கொண்டு இழுத்தாள். அப்படி நினைக்காமல் இழுக்க முடியவில்லை.

உச்சிவேளை கழிந்து நூல் துடித்தது. உள்ளங்கை நீளத்தில் ஒரு கத்தாளை மீன்.

அவள் ஓடிவந்து மாமியார் முன் போட்டாள். மணலில் அது துள்ளியது. சந்திரமதி அதையே பார்த்தாள்.

"புயல்ல நனைஞ்ச படகுல அடுப்பு எரியுமா?"

நெருப்பைக் கமலவேணி நினைத்திருக்கவேயில்லை.

சந்திரமதி பிளேடை வாங்கி மீனைக் கீறினாள். பச்சைச் சதையில் ஒரு துண்டை வாயில் போட்டு மென்றாள். கண்ணில் நீர் வழிந்தது. துப்பவில்லை. விழுங்கிவிட்டு, வாயைத் துடைக்காமலே சொன்னாள்.

"சாப்பிடலாம்."

பார்ச்சு அன்று சாயங்காலம் சந்திரமதியின் தம்பி நடராஜன் சாமியறையில் இலைகளை எண்ணினார். "ஒண்ணு குறையுதே அக்கா. தேவாவுக்கு?"

"அவனுக்குச் சாப்பாடு இருக்கு," என்றாள் அவள்.

நடராஜன் கமலவேணியைப் பார்த்தார். பிறகு தணலில் சாம்பிராணியைப் போட்டார். சாம்பிராணிப் புகையில் மற்றவர்கள் தங்கள் தங்கள் ஆட்களை நினைத்து அழுதார்கள். அழுது முடித்து, மூக்கைச் சிந்தி, சாப்பிட உட்கார்ந்தார்கள். கமலவேணிக்கும் மாமியாருக்கும் மட்டும் அழ இடம் இருக்கவில்லை. பக்கத்தில் பக்கத்தில் நின்று, சாமியறைப் புகை கலைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த பார்ச்சுக்கு இன்னும் ஒரு வருஷம் இருந்தது.