ஈயம் வைத்த கட்டைகள்

தம்பியின் பியானோவில் குறை ஒன்றுமில்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். என்ன செய்ய, கூடப் பிறந்தவனாயிற்றே.

பழுதான பியானோ வைத்திருப்பவர்கள் எல்லோரும் அவளைப் பல் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். விரலால் அழுத்தும் பல்வரிசைக் கட்டைகளில் உடைந்ததற்கு மேல்தகடு ஒட்டுவாள், பூச்சி அரித்த கம்பளியைப் பிய்த்துவிட்டுப் புதிது வைப்பாள், கம்பியில் மோதி மோதிப் பள்ளம் விழுந்த சுத்தியல்களைத் தேய்த்துச் சரிசெய்வாள். வாய்தான் கொஞ்சம் நீளம். வாசிக்கிறீர்களா, துணி துவைக்கிறீர்களா என்று வீட்டுக்காரரை ஒரு கேள்வி கேட்காமல் திருகாணியில் கை வைக்க மாட்டாள். தம்பி நேர்மாறு. பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுப்பவன். எதற்கும் யாரையும் தொந்தரவு செய்யாத பிறவி.

அப்படிப்பட்டவன் போன மழைக்காலத்தில் போன் செய்து, கட்டையெல்லாம் கனமாக இருக்கிறது, வந்து பார் என்றான். போனாள். உண்மையிலேயே கட்டைகளைப் பிடித்திருக்கும் துணி ஈரத்தில் உப்பியிருந்தது. மாற்றினாள். அவள் விரலுக்குக் கட்டைகள் வழுக்கிக்கொண்டு இறங்கின. அவனோ வாசித்துப் பார்த்துவிட்டு, இன்னும் கனம்தான் என்றான். அப்போதுதான் அவனுடைய வலது கையைக் கவனித்தாள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சதை வற்றிக் குழி விழுந்திருந்தது.

டாக்டர் இருவரையும் உட்கார வைத்தே சொன்னார். நரம்பு செத்துக்கொண்டு வருகிறது, மருந்தால் கொஞ்சம் தள்ளிப்போடலாம், நிறுத்த முடியாது. வெளியே வந்ததும் தம்பி சிரித்தான். டாக்டருக்கு வேறு வேலை இல்லை, கைக்கு ஒன்றுமில்லை, பியானோதான் சரியில்லை என்றான். சிரிக்கிறவனிடம் என்னத்தைச் சொல்வது? டாக்டர் சொன்னதை நம்பாதவன் நம்பாமலே இருக்கட்டும், கை போவது இவனுக்குத் தெரியவே கூடாது என்று பஸ்ஸில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தபடியே முடிவு கட்டிவிட்டாள்.

அதற்கு அவள் தொழிலில் ஒரு வழி இருந்தது. பியானோக் கட்டை என்பது பூங்காவில் பிள்ளைகள் ஏறி இறங்கி ஆடும் பலகை மாதிரி. இந்த முனையை அழுத்தினால் அந்த முனை எழும்பிச் சுத்தியலைத் தள்ளும். விரல் படும் பக்கமாகத் துளை போட்டு ஓர் ஈயத்துண்டைச் செருகினால், பாதிப் பாரத்தை ஈயமே பார்த்துக்கொள்ளும். வலது கைக்கு உண்டான கட்டைகளை மட்டும் கழற்றி ஈயம் வைத்தாள். தூசி அடைத்திருந்தது என்று கூசாமல் சொன்னாள். அவன் வாசித்தான், முகம் தெளிந்தது. அடுத்த தடவை கூப்பிட்டபோது இன்னொரு துண்டு, மரம் உப்பிவிட்டது என்றாள். அதற்கடுத்த தடவை ஸ்பிரிங் மேல் பழி. ஒவ்வொரு முறையும் டீ போடுகிற சாக்கில் சமையலறைக்குப் போய் அழுதுவிட்டு வருவாள்.

எதற்கும் ஓர் அளவு உண்டே. ஈயம் கூடிப்போனால் இறங்கிய கட்டை மேலே வராது. இன்றைக்கு வைத்தது அந்த அளவைத் தாண்டுகிற துண்டு. தெரிந்தேதான் வைத்தாள். வேறு கதி இல்லை.

தம்பி உட்கார்ந்து விரலை வைத்தான். கட்டை இறங்கி ஒலித்தது. விரலை எடுத்தான். கட்டை அப்படியே கிடந்தது.

பசை காயவில்லை என்று அவள் பதறிக்கொண்டு ஆரம்பித்தாள். அவன் இடது கையால் கட்டையை மெல்லத் தூக்கிவிட்டான்.

"போதும்க்கா. இனிமே ஈயம் வைக்க இடமில்ல."

எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டாள். முதல் தடவையிலிருந்தே தெரியுமாம். பெஞ்சுக்கடியில் அவள் சிந்திவிட்டுப் போன மரத்தூளையும் ஓர் ஈயத்துண்டையும் அவன்தான் கூட்டி எடுத்தானாம். அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எல்லாம் தெரிந்துகொண்டா கனம் கனம் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாய் என்று கத்தினாள்.

"அன்னிக்கு பஸ்ல உன் மூஞ்சியப் பாத்தேன்க்கா. எதையாவது ரிப்பேர் பண்ணலன்னா உனக்குத் தாங்காது. கையைக் கழட்டி உன்கிட்டக் குடுக்க முடியாதே. அதான் பியானோவக் குடுத்தேன்."

அவள் சமையலறைக்குப் போகவில்லை. அங்கேயே, அவன் முன்னாலேயே விம்மி விம்மி அழுதாள். அவன் தடுக்கவில்லை. அவள் ஓய்ந்த பிறகு, பிள்ளைகளின் விரல் இந்தக் கட்டைகளில் சோம்பேறியாகிவிட்டது, வேறு பியானோவில் திணறுகிறார்கள், எல்லா ஈயத்தையும் எடுத்துவிடு என்றான். எடுத்துவிட்டால் அவனுடைய வலது கையால் ஒரு கட்டையைக்கூட அழுத்த முடியாது. இருவருக்கும் அது தெரியும்.

முதல் கட்டையைக் கழற்றி ஈயத்தைத் தட்டி வெளியே தள்ளினாள். அவன் வலது உள்ளங்கையை நீட்டினான். ஒவ்வொன்றாக அதில் வைத்தாள். நாலைந்து சேர்ந்ததும் கை பாரம் தாங்காமல் தாழ்ந்தது. அவள் கருவியைக் கீழே போட்டுவிட்டு, தன் கையை அவன் கைக்கு அடியில் கொடுத்தாள்.