ராகு காலத்தில் ஒரு சாவி

வினிதாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். அன்றைக்கு மட்டும் அதைக் கட்டிப்போட்டிருந்தாள். நெருப்பெரிச்சல் என்ற ஊரில் சொந்தமாகக் கார் ஒர்க்‌ஷாப் திறந்ததிலிருந்து பஞ்சர் ஒட்ட வந்தவர்கள்தான் அதிகம். "பொம்பளப் புள்ளைகிட்ட யாருங்க கியர்பாக்ஸைக் குடுப்பாங்க?" என்று தெருவே பேசியது. இந்த மாதமும் இப்படிப் போனால் ஷட்டரை இறக்கிவிட்டுப் பழைய ஷோரூமுக்கே சம்பளத்துக்குத் திரும்ப வேண்டியதுதான். அந்த நேரம் பார்த்துத்தான் பனியன் கம்பெனி முதலாளி கந்தப்பன், மனைவி நல்லம்மாளோடு தன் ஆட்டோமேட்டிக் காரில் வந்து நின்றார்.

"கியர் மாறையில பொடனியில அடிச்சாப்புல தூக்கிப் போடுது கண்ணு!"

வினிதா ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனரைச் சொருகிப் பார்த்தாள். "கியர்பாக்ஸ் நல்லாத்தான் இருக்குதுங்க. அதோட சாஃப்ட்வேர் பழசுங்க. புதுசு ஏத்துனாச் சரியாயிருமுங்க."

"பத்தரைக்கு ராகு காலம். அதுக்குள்ள ஆரம்பிச்சிரு."

ஆரம்பித்தாள். என்ஜின் ஓடாமல் சாவி மட்டும் போட்டிருந்ததால், நடுவில் பேட்டரி இறங்கக்கூடாது என்று சார்ஜரையும் மாட்டினாள். கந்தப்பன் ஓட்டுநர் இருக்கையை விட்டு இறங்கவேயில்லை. திரையில் சதவீதம் ஆடி அசைந்து ஏறி, ஒருவழியாக நூறைத் தொட்டது.

"அவ்வளவுதானுங்க. சாவியை அணைச்சுட்டு மறுபடி போடுங்க. அப்பத்தான் புதுசு பதியும்."

மனிதர் கடிகாரத்தைப் பார்த்தார். பத்தரை தாண்டியிருந்தது. சாவியை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

"ராகு காலத்துல வண்டிய ஸ்டார்ட் பண்றதா? பன்னெண்டு அடிக்கட்டும்."

அட கடவுளே! கடைசியில் சாவி போட வேண்டும் என்பதை முன்னாலேயே சொல்லாமல் விட்டோமே என்று வினிதா நாக்கைக் கடித்தாள். சரி, சார்ஜர் இருக்கிறது, காத்திருப்போம் என்று நினைத்த அதே நொடியில் கரண்ட் போனது. சார்ஜர் அணைந்தது. திரையில் பேட்டரி அளவு இறங்கத் தொடங்கியது.

"ஐயா, பேட்டரி செத்தா கியர்பாக்ஸோட மூளையும் சேந்து போயிருமுங்க! அணைச்சுப் போடுங்க!"

"மாட்டேன்னா மாட்டேன்."

இந்த வண்டி செத்தால் கடையும் செத்தது. வருவது வரட்டும் என்று வினிதா வாயை அவிழ்த்துவிட்டாள்.

"ஏனுங்கய்யா, உங்க கம்பெனியில ராகு காலத்துல கரண்ட் போயி வந்தா, மிஷினெல்லாம் பஞ்சாங்கம் பாத்துட்டா ஓடுதுங்க?"

"அது பாதியில நின்ன வேலை. தொடர்றதுக்கு நேரங்காலம் இல்ல."

"இதுவும் நல்ல நேரத்துல ஆரம்பிச்சுப் பாதியில நிக்கிற வேலைதானுங்களே!"

பின்சீட்டில் நல்லம்மாள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "ஏனுங்க, புள்ள சொல்றது நாயந்தானுங்க. கைய எடுங்க."

கந்தப்பன் முருகனை முணுமுணுத்தபடி சாவியைத் திருப்பினார். டாஷ்போர்டு விளக்குகள் அணைந்தன. வினிதா, "இப்பப் போடுங்க" என்றாள். திரையில் பச்சை விழுந்தது. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

மங்கலம் ரோடு வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார்கள். கியர் எப்போது மாறியது என்றே தெரியவில்லையாம். இறங்கிய கந்தப்பன் உடனே போனை எடுத்தார்.

"சம்பந்தி, உங்க வண்டியையும் இங்க கொண்டாந்திருங்க. ... யாரா? நம்ம வினிதாங்க. ... பொம்பளப் புள்ளையா?" கந்தப்பனுக்குக் குரல் ஏறியது. "மெக்கானிக்குங்க!"