நீச சந்திரனுக்கு நாற்பது நாள்

ஐந்தாம் ஜார்ஜுக்கு முடிசூட்டப் போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த வருஷம். சித்திரை மாதம் பிறந்து நாலைந்து நாள் ஆகியிருந்தது. ராயபுரத்து மருத்துவச்சி பிலோமியின் வாசலில் காலை ஏழு மணிக்கே ஒரு ஜட்கா வண்டி வந்து நின்றது. தண்டையார்பேட்டைக் கருப்பட்டி மண்டி தவசிமுத்துவின் மனைவிக்கு வலி கண்டுவிட்டதாம்.

பிலோமி படகுக்காரர் வீட்டுப் பெண். பட்டணத்து ஆஸ்பத்திரியில் ஒரு வருஷம் படித்து, பிரசவம் பார்க்க சர்ட்டிபிகேட் வாங்கியவள். சர்ட்டிபிகேட்டைப் பெட்டியடியில் போட்டுவிட்டாள். அவளுடைய பெருமையெல்லாம் ரவிக்கையில் ஊசி குத்தித் தொங்கவிட்டிருந்த வெள்ளிக் கடிகாரத்தில் இருந்தது. ஒரு கப்பல் கேப்டனின் மனைவிக்கு இரட்டைப் பிள்ளை எடுத்ததற்குக் கிடைத்த பரிசு அது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் ராயபுரம் ஸ்டேஷன் வரை நடந்துபோய், அங்கே இருக்கும் பெரிய கடிகாரத்தோடு முள்ளைச் சரிபார்த்த பிறகுதான் வீட்டில் உலை வைப்பாள். பிள்ளை பிறந்த நிமிஷத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுப்பது அவள் வழக்கம். அவளுக்கு ஜாதகத்தில் துளியும் நம்பிக்கை இல்லை. ஆனால் அந்தத் துண்டுக் காகிதத்தை வைத்துத்தான் ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை பாதிப் பிள்ளைகளுக்கு ஜாதகம் கணித்தார்கள் என்பதில் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது.

தவசிமுத்து தெற்கேயிருந்து வந்து மண்டி போட்டவர். பெரிய மீசை, அதைவிடப் பெரிய குரல். அவர் மண்டியில் நின்று அதட்டினால் எதிர்ச்சாரிக் கடையில் தராசுத் தட்டு ஆடும் என்பார்கள். கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து உண்டான முதல் பிள்ளை இது. ஆகவே பிலோமி போய் இறங்கியபோது, மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே ஜோசியர் பரசுராமன் ஏற்கெனவே பஞ்சாங்கத்தை விரித்து உட்கார்ந்திருந்தார். மிளகாய் நெடியில் அவருக்குக் கிரகத்துக்கு ஒரு தும்மல் வந்துகொண்டிருந்தது.

விஷயம் இதுதான். அன்றைக்குச் சந்திரன் விருச்சிக ராசியில் இருந்தான். சந்திரன் ரிஷபத்தில் இருந்தால் உச்சம். ராஜா மாதிரி கேட்டதெல்லாம் கொடுப்பான். அதுவே விருச்சிகத்துக்கு வந்துவிட்டால் நீசம். ஒளி குன்றி, பலம் கெட்டு, கொடுக்க மனசிருந்தும் கையில் ஒன்றும் இருக்காது. மத்தியானம் மூன்று நாற்பது வரை அவன் அங்கேதான் கிடப்பான், அதற்குமேல் தனுசுக்குப் போய்விடுவான், அது குருவின் வீடு, பயமில்லை என்றார் ஜோசியர். தனுசில் முதல் நட்சத்திரம் மூலம். ஆண் பிள்ளைக்கு மூலம் அமைந்தால் கேட்கவே வேண்டாம். பெண் பிள்ளையாக இருந்தால் என்ன என்று தவசிமுத்துவும் கேட்கவில்லை, ஜோசியரும் சொல்லவில்லை.

மண்டிக்குப் பின்னால்தான் வீடு. நடுவில் ஒரு பலகைத் தடுப்பு, அதில் ஒரு கதவு. தவசிமுத்து அந்தக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, மூன்று நாற்பதுக்கு மேல் பிறக்கிற மாதிரி பார்த்துக்கொள்ள முடியுமா என்று தணிந்த குரலில் விசாரித்தார். அவருடைய தணிந்த குரல் தெருவுக்கே கேட்டது.

"உங்க புள்ள வாட்ச மாட்டிகினு வரல, மொதலாளி" என்றாள் பிலோமி உள்ளேயிருந்து. "அது இஷ்டத்துக்குத்தான் வரும்."

வலியின் நடுவிலும் சீனியம்மாள் சிரித்துவிட்டாள். முப்பது வயதுக்காரி. மண்டியில் அத்தனை பேரையும் நடுங்கவைக்கிற மனிதரோடு பதினோரு வருஷம் குடித்தனம் நடத்தியவள் என்பதால், அவளுக்கு எதற்கும் அவசரமில்லை.

குழந்தை பிறந்தது. பிலோமி கடிகாரத்தைப் பார்த்தாள்: மூன்று நாற்பத்து நாலு. கொடி அறுத்து, குளிப்பாட்டி, துணியில் சுற்றித் தாயின் பக்கத்தில் கிடத்திவிட்டு வெளியே வந்தாள். வழக்கப்படி முதலில் நேரத்தைச் சொன்னாள்.

தவசிமுத்துவுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு கருப்பட்டிச் சிப்பத்தை உடைத்து மூட்டை தூக்குகிறவர்களுக்கெல்லாம் வாரிக் கொடுத்தார். ஜோசியரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்புறந்தான் பையன் யார் ஜாடை என்று கேட்டார்.

"பொண்ணு" என்றாள் பிலோமி. "உங்க ஜாடதான். மீச மட்டும் தப்பிச்சிகிச்சு."

ஜோசியர் தும்மினார். பெண்ணுக்கு மூலம் என்றால் மாமனாருக்கு ஆகாது என்று ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர் தவசிமுத்து. பிறந்து கால் மணி நேரம் ஆகாத பிள்ளைக்கு அவர் மனசுக்குள் எத்தனையோ சம்பந்தங்கள் வந்து வந்து முறிந்தன. பிலோமியை மூட்டைகளுக்குப் பின்னால் அழைத்துப் போனார். "மூணு முப்பத்தொம்பதுன்னு போட்டா யாருக்கு என்ன நட்டம்? அஞ்சு நிமிசந்தானே" என்றார்.

காலையில் மூன்று நாற்பதைத் தாண்ட வேண்டும் என்று கெஞ்சிய அதே வாய். பிலோமிக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். இருபது வருஷத்தில் ஒரு நிமிஷம்கூட மாற்றி எழுதியதில்லை, இனிமேலும் மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். சொன்னதோடு நிற்காமல் அவர் கண்ணெதிரே காகிதத்தில் மூன்று நாற்பத்து நாலு என்று எழுதி ஜோசியரிடம் நீட்டினாள்.

ஜோசியர் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். பிறகு அவளுடைய கடிகாரத்தைப் பார்த்தார். இது எந்த டைம் என்று கேட்டார். ஸ்டேஷன் டைம் என்றாள் பிலோமி.

பரசுராமன் நெற்றியில் அடித்துக்கொண்டார். தேசம் பூராவுக்கும் ஒரே டைம் என்று சர்க்கார் கொண்டுவந்து ஐந்து வருஷம் ஆகிறது. ஸ்டேஷன் கடிகாரம் அதைத்தான் காட்டும். அவர் கணக்குப் போட்டதெல்லாம் பழைய மெட்ராஸ் டைமில். பழைய டைம் இதற்கு ஒன்பது நிமிஷம் பின்னால். அப்படியானால் பிள்ளை பிறந்தது மூன்று முப்பத்தைந்துக்கு. சந்திரன் இன்னும் தனுசுக்குள் கால் வைக்கவில்லை. இது மூலம் இல்லை, அதற்கு முந்தின கேட்டை.

தவசிமுத்து ஒரு மூட்டை மேல் உட்கார்ந்து பெருமூச்சு விட்டார். முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. பாதி வந்துகொண்டிருக்கும்போதே அவருக்கு இன்னொன்று உறைத்தது. "அப்பம் சந்திரன் நீசமால்லா?" என்றார்.

"நீசந்தான்" என்றார் ஜோசியர்.

கால் மணி நேரத்தில் அந்த மனிதர் பட்ட பாட்டைப் பார்த்து ஜோசியருக்கே மனசு கேட்கவில்லை. ஆறுதலாக ஒன்று சொன்னார். சித்திரை மாதமல்லவா, சூரியன் மேஷத்தில் உச்சமாக இருக்கிறான். சூரியன் தகப்பனைக் குறிக்கிற கிரகம். ஆகவே இந்தப் பெண் பிறந்த வேளை தகப்பனுக்கு மேன்மைதான். சந்திரன் தாயைக் குறிக்கிறவன். அந்த இடந்தான் கொஞ்சம் மட்டம். தவசிமுத்து இதைக் கேட்டு வருத்தமாகத் தலையாட்டினார். ஆனால் கை அவரை அறியாமல் மீசையை முறுக்கிவிட்டது. அதைப் பிலோமி பார்த்துவிட்டாள்.

பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தவளுக்கு எல்லாம் கேட்டிருந்தது. பிலோமி உள்ளே போனபோது சீனியம்மாள் கூரையைப் பார்த்தபடி கிடந்தாள்.

"விடியக்காலமே இருந்து செத்துப் பொழச்சது நானு. உச்சம் அவுகளுக்கு, நீசம் எனக்கா, யக்கா?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை; ஒரு சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். பிறகு, வெளியே இருப்பவருக்கும் கேட்கட்டும் என்று குரலை ஏற்றினாள். "சரி, நீசப்பட்டவ ஒறங்கப் போறேன். உச்சத்துல இருக்கவுகள வந்து பிள்ளைய வாங்கிக்கிடச் சொல்லுங்க."

பிலோமி அப்படியே செய்தாள். கருப்பட்டிச் சிப்பத்தைவிட லேசான எதையும் தூக்கிப் பழகாத தவசிமுத்து, இரண்டு கையையும் விறைப்பாக நீட்டி மகளை வாங்கிக்கொண்டு, அசையாமல் நின்றார். மூச்சுகூட விட்டாரா என்று தெரியவில்லை. ஜோசியரைப் பார்த்து, நீசத்துக்குப் பரிகாரம் உண்டா என்று மெல்லக் கேட்டார். இந்தத் தடவை குரல் நிஜமாகவே தணிந்திருந்தது.

பால், பச்சரிசி, வெள்ளைத் துணி, திங்கட்கிழமை விளக்கு என்று ஜோசியர் சொல்லிக்கொண்டே போனார். எல்லாவற்றுக்கும் மேலாக, சந்திரன்தான் மனசு. ஆகையால் தாயின் மனசு நோகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று முடித்தார். இதுவும் தடுப்பைத் தாண்டி உள்ளே போய்ச் சேர்ந்தது.

மறுநாளிலிருந்து தண்டையார்பேட்டையில் யாரும் பார்த்திராத காட்சிகள் நடந்தன. சத்தம் போட்டால் தன் மனசு திடுக்கிடுகிறது என்று சீனியம்மாள் சொல்லியனுப்பினாள். மண்டியில் அதட்டல் நின்றது. முதலாளிக்கு உடம்பு சரியில்லையோ என்று மூட்டைக்காரர்கள் தங்களுக்குள் கவலைப்பட்டார்கள். பதினோரு வருஷமாக அடுப்படியை ஆண்டுகொண்டு, உப்பு கூட, புளி குறைய என்று சொல்லிக்கொண்டிருந்த நாத்தனார், சந்திரனின் நன்மைக்காக ஊருக்கு ரயில் ஏற்றப்பட்டாள். தாய்ப்பால் ஊற நெட்டுக்குப்பத்து மீன்காரர்களிடமிருந்து பால்சுறா வந்தது. சுறாவின் சதையும் வெள்ளைதானே, சந்திரனுக்கு உகந்தது என்று சீனியம்மாளே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். சாயங்காலம் மல்லிகைப்பூ வந்தது, அதுவும் வெள்ளை. தூளி ஆட்ட வேண்டிய நேரத்தில் உச்சத்தில் இருப்பவருக்குக் கூப்பாடு போனது. ஆரம்பத்தில் அவர் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு உள்ளே போனார். யாராவது சிரித்தால், என்ன செய்வது, சந்திரன் நீசம் என்று கையை விரித்தார். பத்து நாளில், கூப்பிடாமலே போக ஆரம்பித்தார்.

அந்தப் பத்தாம் நாள், திருவொற்றியூர் சாலையில் பிலோமியைப் பரசுராமன் வழிமறித்தார். மனிதர் முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். ஜாதகத்தை நிதானமாகப் போட்டுப் பார்த்தாராம். விருச்சிகம் செவ்வாயின் வீடு. அந்தச் செவ்வாய் மகரத்தில் உச்சமாக உட்கார்ந்திருக்கிறான். வீட்டுக்குச் சொந்தக்காரன் இத்தனை பலமாக இருந்தால் அதில் குடியிருக்கிறவன் கெட்டுப்போக மாட்டான். நீசபங்கம், நீசம் ரத்து. இப்போதே மண்டிக்குப் போய்ச் சொல்லப் போகிறேன் என்றார்.

"எங்க வூட்டு சொந்தக்காரங்கூட பலமாத்தான் கீறான். கூர மட்டும் ஒழுவுது" என்றாள் பிலோமி. ஆனாலும், முதலில் பெற்றவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன், அதுவரை பொறுங்கள் என்று அவரை நிறுத்திவைத்துவிட்டுப் போனாள்.

சீனியம்மாள் கேட்டாள். தூளியைப் பார்த்தாள். தடுப்புக்கு அந்தப் பக்கம், பிள்ளை தூங்குகிறதென்று மூட்டைகளை ஓசைப்படாமல் இறக்கச் சொல்லிக் கணவர் குசுகுசுத்துக்கொண்டிருந்தார்.

"நாப்பது நாளு கழியட்டும்னு சொல்லுங்க, யக்கா" என்றாள். "இந்த நீசம் எனக்கு நல்லா ஒத்துக்கிட்டு."

ஒரு நிமிஷத்தை மாற்றி எழுதமாட்டேன் என்றவள் ஒரு கிரகத்தையே ஒரு மாசம் ஒளித்துவைக்கலாமா என்று பிலோமிக்கு உறுத்தத்தான் செய்தது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் முழங்காலில் நின்று யோசித்தாள். கிரகம் என்ற ஒன்றையே நம்பாதவள் அதை மறைத்தால் பொய்யாகுமா? ஆகாது என்று தோன்றியது. பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சாமியாரிடம் சொன்னால் அவர் ஜோசியக்காரரோடு என்ன சகவாசம் என்று வேறு ஆரம்பிப்பார் என்பதால், சொல்லாமலே வந்துவிட்டாள்.

சாலையில் காத்திருந்த ஜோசியரை மடக்குவது அன்றைக்கே சுலபமாக முடிந்திருந்தது. "ஒம்போது நிமிசத்த மின்னாடியே சொல்லாத வுட்டது நீங்கதான, ஜோசியரே. அத்த நா யாராண்டயும் சொல்லிகினு திரியல. இத்த ஒரு மாசம் கழிச்சு சொன்னா இன்னா கொறஞ்சிபூடும்?" என்றாள். பரசுராமன் சற்று நேரம் பஞ்சாங்கத்தின் அட்டையைத் தடவினார். எதற்கும் கணக்கை இன்னொரு முறை சரிபார்ப்பது நல்லது, அதற்கு ஒரு மாசம் பிடிக்கும் என்று ஒப்புக்கொண்டார்.

நாற்பதாம் நாள் மண்டியில் விருந்து. மூட்டைக்காரர்கள், எதிர்ச்சாரிக் கடைக்காரர்கள், எல்லோரும் இலையில் உட்கார்ந்திருந்தார்கள். சீனியம்மாள் தலைநிறையப் பூவோடு கதவருகில் வந்து நின்றாள். தவசிமுத்து தோளில் மகளைப் போட்டுக்கொண்டு, ஒரு கையால் முதுகைத் தட்டியபடி பந்தி விசாரித்துக்கொண்டிருந்தார். பிள்ளைக்குத் தெய்வானை என்று பேர் வைத்திருந்தார்கள். அப்போது ஜோசியர் எழுந்து, நீசபங்கம் ஆகிவிட்ட நல்ல சேதியைச் சபையில் சொன்னார்.

எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். தவசிமுத்துவின் முகம் மட்டும் விழுந்துவிட்டது.

பிலோமி அதைக் கவனித்தாள். முதலில் அவளுக்குப் புரியவில்லை. எதிர்ச்சாரிக் கடைக்காரர் ஒருவர், இனிமேல் பிள்ளையைப் பொம்பிளைகளிடம் கொடுத்துவிட்டு மண்டியைப் பாரும் என்று கேலியாகச் சொன்னபோது, தவசிமுத்துவின் கை மகளின் முதுகில் தட்டுவதை நிறுத்திவிட்டு அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டதைப் பார்த்தாள். அப்போது புரிந்தது. சந்திரன் நீசம் என்ற ஒரு சாக்கு இருந்ததால்தான் இந்த மீசைக்காரர் இத்தனை நாள் நாலு பேர் நடுவில் பிள்ளையைக் கொஞ்ச முடிந்தது. அதை இப்போது பிடுங்கிவிட்டார்கள்.

"வேற கிரகம் எதுவும் நீசமில்லையா?" என்று கேட்டார் தவசிமுத்து. "நல்லாப் பாத்துச் சொல்லும்."

ஜோசியர் திகைத்தார். ஜாதகத்தை விரித்து விரல் வைத்துப் பார்த்தார். இருந்தது. சனி மேஷத்தில் இருந்தான். சூரியனுக்குச் சிம்மாசனமாக இருக்கிற அதே ராசி சனிக்குப் பள்ளம். நீசந்தான் என்றார்.

"அதுக்கு என்ன செய்யணும்?"

பரசுராமன் பிலோமியைப் பார்த்தார். பிலோமி சீனியம்மாளைப் பார்த்தாள். சீனியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, சரி என்பதுபோல் லேசாகத் தலையசைத்தாள்.

"தகப்பன் தூக்கி வெச்சிருக்கணும்" என்றார் ஜோசியர்.

"எத்தன நாளைக்கு?"

"சனி மந்தகதி உள்ளவன். சட்டுனு வுடமாட்டான்."

தவசிமுத்து எதிர்ச்சாரிக் கடைக்காரரை நோக்கி, கேட்டுக்கொண்டீர்களா, நான் என்ன செய்யட்டும் என்பதுபோல் மிகுந்த துயரத்தோடு கையை விரித்தார். பிறகு மகளை வலது தோளிலிருந்து இடது தோளுக்கு மாற்றிக்கொண்டு, பந்தியில் யாருக்கோ பாயசம் வரவில்லை என்று பரிமாறுகிறவனைக் காதோடு காதாகத் திட்டப் போனார். சீனியம்மாள் பிலோமியின் இலைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இன்னொரு கரண்டி பாயசத்தைத் தானே ஊற்றினாள்.