மாப்பிள்ளையின் மீன்களுக்கு நல்ல தண்ணீர்

கல்யாணம் முடித்து மருதமுனையில் பெண்வீட்டுக்குக் குடிபோனபோது நான் கொண்டுபோனது ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு கண்ணாடித் தொட்டி, ஐந்து தங்கமீன்கள். மீன்களைக் கொழும்பில் வாங்கி, பிஸ்கட் டின்னில் தண்ணீர் விட்டு, மட்டக்களப்பு வரை ரயிலிலும் பிறகு பஸ்ஸிலும் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். வழியில் ஒன்றுகூடச் சாகவில்லை. மாமியார் வீட்டில்தான் சாகத் தொடங்கின.

முதல் வாரம் இரண்டு. மறுவாரம் ஒன்று. மீதி இரண்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. எனக்கு ஆத்திரமாக வந்தது. கட்டில், பாய், கூரை எல்லாம் பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுத்தவை. என்னுடையது என்று அந்த வீட்டில் இருந்தது இந்த மீன்கள்தான். இவையும் போனால் கடைசிவரை நான் விருந்தாளிதான் என்று தோன்றியது.

மாமியிடம் கேட்கவும் வழியில்லை. மருமகன் முன்னால் மாமி வருவதுமில்லை, கதைப்பதுமில்லை. அதுதான் ஊர் வழக்கம். மூன்று வாரத்தில் நான் கண்டது கதவுக்குப் பின்னால் அசைந்த ஒரு முந்தானையை மட்டும்.

ஆகவே நானே துப்பறியக் கிளம்பினேன். தீனைக் குறைத்தேன். தொட்டியை வெயில் படாத மூலைக்கு நகர்த்தினேன். ஒன்றும் சரிவரவில்லை. ஒருநாள் தொட்டியிலிருந்து மொண்ட தண்ணீரிலேயே கை கழுவினேன். சோப்பு பொங்கிக்கொண்டு நுரைத்தது. அந்த வீட்டுக் கிணற்றுத் தண்ணீரிலோ அரைக்கட்டி தேய்த்தாலும் நுரை எட்டிப் பார்க்காது. அப்படியானால் இது எந்தத் தண்ணீர்?

மனைவி ஹாஜறாவைக் கூப்பிட்டேன். "தொட்டிக்கு எங்க தண்ணி எடுக்கிற?"

"நான் இல்ல, நீங்க கடைக்குப் போனாப்போல உம்மாதான் மாத்துறா. நெசவு நூலுக்குச் சாயம் போடுற சாடியில இருந்து."

"அதில என்ன இரிக்கு?"

"கிணத்துத் தண்ணியில சாயம் திட்டுத்திட்டாப் புடிக்கும். அதால உடுப்புத் தோய்க்கிற சோடாவப் போட்டுக் காய்ச்சி வெச்சா, சுண்ணாம்பு அடியில தங்கிடும். மேல உள்ள தெளிவத்தான் ஊத்துறா. ஊட்டுல நல்ல தண்ணி அதுதானே. மாப்பிள்ளைட மீனுக்குக் கிணத்துத் தண்ணியா எண்டு உம்மாக்கு வெட்கம்."

"ஒவ்வொரு நாளுமா?"

"ஓம். மீன் சாகத் தொடங்கினதுக்குப் பொறகு காலையும், பின்னேரம் அசறுத் தொழுகைக்குப் பொறகும்."

எனக்குச் சிரிப்பு வந்தது, அது பாதியில் நின்றுவிட்டது. ஒரு மீன் செத்ததும் அந்த மனுசி இன்னும் கூடுதலாக உபசரித்திருக்கிறார்.

"சோடாதான் கொன்னிருக்கு. உம்மாக்கிட்டச் சொல்லிடாத" என்றேன்.

கிணற்றிலிருந்து தண்ணீர் மொண்டு வந்து, அன்று முழுவதும் தொட்டித் தண்ணீரைச் செம்பு செம்பாக மாற்றினேன். மறுநாள் மீன்கள் இரண்டும் கீழே இறங்கிவிட்டன. அதில் ஒன்று பொரியைக் கவ்வி, துப்பி, திரும்பவும் கவ்வியது. குனிந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மகன்."

கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. எனக்குத் தெரியாத குரல்.

"நேத்து நீங்க கதைச்சது கேட்டிச்சு. நானா அதுகளக் கொன்ன?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். பொய் வாயில் வரவில்லை.

"ஓம் மாமி. ஆனா ரெண்டு இரிக்கு."

பிறகு கதவு திறந்தது. மாமி வெளியே வந்தார். என்னைப் பார்க்காமல், முக்காட்டை இழுத்துவிட்டுத் தொட்டிக்கு முன்னால் குந்தினார். சாயம் ஏறிய விரலைக் கண்ணாடியில் வைத்தார்.

"இதுகளுக்கு என்னதான் புடிக்கும், மகன்?" என்று கேட்டார்.